புளியங்கொட்டை வைத்து ரூலெட்: ஒவ்வொரு முறையாக ஓட்டிப் பார்த்தது

ரூலெட் என்ற சூதாட்டத்தில் எப்படிப் பந்தயம் கட்டலாம் என்று படிக்கப் படிக்க எல்லா முறையும் ஜெயித்துவிடும் போலத்தான் தெரியும். மார்ட்டிங்கேல், ஃபிபொனாச்சி, டலம்பேர், லபூஷேர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கணக்கு, அதை நம்பும் ஒரு கூட்டம். எனக்கு அதையெல்லாம் சக்கரத்தை முன்னால் வைத்து, நானே டீலராக (ஆட்டத்தை நடத்துகிறவராக) நின்று, கையால் எண்ணிக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஒரு சின்னப் பொம்மைச் சக்கரம் வாங்கி, பச்சைச் சார்ட் தாளில் கட்டம் வரைந்து, சாப்பாட்டு மேசையில் விரித்தேன். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். தமிழ்நாட்டில் இணையத்தில் பணம் வைத்து இந்த மாதிரி ஆடுவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வேண்டியது கணக்கு, அதற்குப் புளியங்கொட்டை போதும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, பூஜ்ஜியம் மட்டும் பச்சை. டீலர் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றி, பந்தை விளிம்பில் எதிர்ப்பக்கமாக ஓட விடுவார். பந்து வேகம் குறையும் வரை கட்டலாம், போதும் என்று அவர் சொன்னதும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்கு, இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17, மூன்று எண் வரிசைக்கு 11, நான்கு எண் கூடும் மூலைக்கு 8, ஆறு எண்ணுக்கு 5, பன்னிரண்டு எண் கொண்ட டஜனுக்கோ நெடுவரிசைக்கோ 2. சிவப்பு கறுப்பு, ஒற்றை இரட்டை, பாதி எண்கள் (1-18 அல்லது 19-36) என்று கட்டினால் ஒன்றுக்கு ஒன்று. வைத்ததும் கூடவே திரும்பி வரும்.

இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் எல்லா விலையும் (ஜெயித்தால் தரும் மடங்கு) சக்கரத்தில் 36 எண்தான் இருக்கிறது என்பது போலப் போடப்பட்டிருப்பது தெரியும். இருப்பதோ 37. அதனால் எங்கே கட்டினாலும் கட்டியதில் 37ல் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 2.70, சராசரியாக டீலர் பக்கம் போய்ச் சேரும். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்ஜியமும் சேர்ந்து 38 குழி, விலைகள் அதேதான், ஆகவே 5.26. அதிலேயே 0, 00, 1, 2, 3 ஐந்துக்கும் சேர்த்து ஒரு கட்டு உண்டு, அது 7.89 வரை போகும், அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. லாஸ் வேகாஸில் மூன்று பூஜ்ஜியம் உள்ள சக்கரங்களையும் வைத்திருக்கிறார்கள். மாறாக, பூஜ்ஜியம் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்று கட்டுகளில் பாதியைத் திருப்பித் தரும் பிரெஞ்சு விதி இருக்கும் மேசையில் அந்தக் கட்டுகளுக்கு இது 1.35 தான். எந்த முறையைப் பிடிக்கிறோம் என்பதைவிட எந்த மேசையில் உட்காருகிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

முதல் சில நாட்கள் முறை எதையும் தொடவில்லை, டீலர் வேலையைப் பழகினேன். இது எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி. யாராவது 17ஆம் எண்ணில் ஒரு கொட்டை, அதன் நான்கு பக்கக் கோடுகளிலும் ஒவ்வொன்று, நான்கு மூலையிலும் ஒவ்வொன்று என்று ஒன்பது கொட்டை வைத்து, 17 விழுந்துவிட்டால் எவ்வளவு தர வேண்டும்? 35, நான்கு பதினேழு 68, நான்கு எட்டு 32. மொத்தம் 135. நடு நெடுவரிசையில் எந்த எண்ணாக இருந்தாலும் (ஓரத்தில் உள்ள 2, 35 தவிர) இதேதான், அதனால் டீலர்கள் கூட்டுவதே இல்லை, கட்டு இருக்கும் கோலத்தைப் பார்த்தே தொகையைச் சொல்லிவிடுவார்கள். எனக்கும் மெல்ல மெல்ல அந்தக் கண் வந்தது. கட்டத்தில் பக்கத்தில் இருக்கும் எண்கள் சக்கரத்தில் பக்கத்தில் இருக்காது என்பதும் இப்போதுதான் கையோடு பதிந்தது. தாளில் 17க்கு அடுத்த வரிசையிலேயே 20 இருக்கிறது, சக்கரத்திலோ 17க்கு இரு பக்கமும் 25, 34. 20 கிட்டத்தட்ட எதிர்ப்புறம்.

அப்புறம் மார்ட்டிங்கேல். என் மச்சான் இதைத்தான் ஆடுவேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். சிவப்பில் ஒன்று வை, தோற்றால் இரண்டு, தோற்றால் நான்கு, ஜெயிக்கும் வரை இரட்டிப்பு. ஜெயித்தால் எப்போதும் ஒரு கொட்டை லாபம். மேசையில் ஒரு கட்டுக்கு 100 கொட்டைதான் உச்சம் என்று வைத்தேன், ஏனென்றால் உண்மையான மேசை எல்லாவற்றிலும் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பில் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழு படிதான் ஏற முடியும். எட்டாவது 128, வைக்க விடமாட்டேன். ஏழும் தொடர்ந்து தோற்றால் போவது 127.

முதல் நாள் மாலை முழுக்க அவர் பக்கம் கொட்டை ஏறிக்கொண்டே போனது. "பாத்தியா மாப்ள, எவ்வளவு சிம்பிள்" என்றார். மறுநாள் கறுப்பு வரிசையாக விழ ஆரம்பித்தது, நடுவில் ஒரு பூஜ்ஜியம் வேறு, 64 போனதும் அவர் கையில் இருந்த கொட்டை எல்லாம் என் பக்கம். இது துரதிர்ஷ்டம் இல்லை, கணக்கே அப்படித்தான். ஒரு சுற்றில் சிவப்பு தோற்கும் வாய்ப்பு 37ல் 19. ஏழு முறை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 106 தொடரில் ஒன்று (ஒரு கொட்டையில் தொடங்கி, ஜெயிக்கும் வரையோ ஏழும் தோற்கும் வரையோ ஆடுவது ஒரு தொடர்). 105 தொடரில் ஒவ்வொரு கொட்டையாகச் சேர்த்து, ஒரு தொடரில் 127 விடுவது, அவ்வளவுதான் இந்த முறை. நூறு தொடர் ஆடினால் ஒரு தடவையாவது அது வந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 61. ஆனாலும் ஒரு மாலை மட்டும் ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் அது வராது, அதனால்தான் இந்த முறையை நம்புகிறவர்கள் இவ்வளவு பேர்.

"இவ்வளவு கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்புதான் வரணும்" என்று மச்சான் நடுவில் சொன்னார். மொனாகோ நாட்டின் மான்டே கார்லோ கேசினோவில் 1913 ஆகஸ்ட் 18 அன்று கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. பத்துப் பதினைந்து தாண்டியதும் கூட்டம் முண்டியடித்துச் சிவப்பில் கொட்டியது, இரட்டித்து இரட்டித்துக் கட்டியது, கேசினோ அள்ளியது. சக்கரத்துக்கு நினைவு கிடையாது. 25 கறுப்புக்குப் பிறகும் சிவப்புக்கு 37ல் 18 தான்.

ஃபிபொனாச்சி கொஞ்சம் மென்மையானது. 1, 1, 2, 3, 5, 8 என்று தோற்கத் தோற்க ஒரு படி முன்னால், ஜெயித்தால் இரண்டு படி பின்னால். ஏற்றம் மெதுவாக இருப்பதால் வரம்பில் முட்ட நேரம் ஆகும். ஆனால் ஒரே வெற்றியில் மீள முடியாது. 1, 1, 2, 3, 5 தோற்றால் 12 போச்சு. 8 ஜெயித்தால் இன்னும் 4 பாக்கி, பின்னால் வந்து 3 வைத்து ஜெயித்தால் 1 பாக்கி, அடுத்து 1 ஜெயித்தால் சமம். ஐந்து தோல்விக்கு மூன்று வெற்றி, கடைசியில் லாபம் ஒன்றுமில்லை. எனக்கு ஆடச் சலிப்பாக இருந்தது என்றே சொல்வேன்.

டலம்பேர் எளிது: தோற்றால் ஒன்று கூட்டு, ஜெயித்தால் ஒன்று குறை. வெற்றியும் தோல்வியும் சம எண்ணிக்கையில் வந்தால் லாபம் நிச்சயம், 5 தோற்று, 6 தோற்று, 7 ஜெயித்து, 6 ஜெயித்தால் கையில் 2 மிச்சம். சமமாக வராதே, அதுதான் சிக்கல், 37 சுற்றுக்குச் சராசரியாக ஒரு தோல்வி கூடுதல். இது பெயர் தாங்கியிருக்கும் டலம்பேர் பெரிய பிரெஞ்சுக் கணித மேதை. 1754இல் வெளிவந்த கலைக்களஞ்சியக் கட்டுரையில், ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதியவரும் அவரே (சரியான விடை நான்கில் மூன்று). வாய்ப்புக் கணக்கு அவ்வளவு பெரிய மூளைகளையும் சுற்ற வைத்திருக்கிறது.

லபூஷேர்தான் என்னை அதிகம் ஈர்த்தது. ஹென்றி லபூஷேர் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியின் பெயரில் வழங்குவது. தாளில் 1, 2, 3, 4 என்று எழுதிக்கொள். முதலையும் கடைசியையும் கூட்டி 5 வை. ஜெயித்தால் இரண்டையும் அடி, தோற்றால் 5ஐக் கடைசியில் எழுது. எல்லாம் அடிபட்டால் லாபம் 10. ஒரு வெற்றி இரண்டு எண்ணை அழிக்கிறது, ஒரு தோல்வி ஒன்றைத்தான் சேர்க்கிறது, அதனால் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் ஜெயித்தாலே வரிசை முடிந்துவிடும். கேட்க எவ்வளவு அழகு! என் நோட்டில் பெரும்பாலான வரிசைகள் பத்துப் பதினைந்து சுற்றுக்குள் முடிந்தன. முடியாத ஒன்று மட்டும் பக்கத்தின் அடிவரை நீண்டது. இடது பக்கச் சின்ன எண்கள் எல்லாம் அடிபட்டுப்போய், 18, 25, 31 மாதிரிப் பெரிய எண்கள் மட்டும் மிஞ்சி, அவற்றைக் கூட்டிக் கூட்டி வைத்து, வரம்பில் போய் முட்டி நின்றது. அதுவரை சேர்ந்த பத்துப் பத்தாக இருந்த லாபம் எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே கரைந்தது.

20 கொட்டையைப் பிரித்து வைக்கும் முறை ஒன்றும் ஓட்டினோம். 19-36இல் 14, 13-18இல் 5, பூஜ்ஜியத்தில் 1. 37ல் 25 எண்களுக்கு ஜெயிக்கலாம்: 8, அல்லது 10, அல்லது 16 லாபம். 1 முதல் 12க்குள் விழுந்தால் இருபதும் போகும். கூட்டிப் பார்த்தால் சுற்றுக்குச் சராசரி நஷ்டம் 37ல் 20. இருபது வைத்தோம், அதில் 37ல் ஒரு பங்கு.

இதைப் பார்த்ததும்தான் என் அக்கா மகள் (கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள்) பைத்தான் என்ற நிரல்மொழியில் எல்லா முறைகளையும் எழுதி லட்சக்கணக்கில் ஓட்டினாள். முறைக்கு முறை வரைபடம் வேறு வேறு. மார்ட்டிங்கேல் மெல்ல ஏறி செங்குத்தாக விழும், டலம்பேர் அலை அலையாகச் சரியும், ஒரே எண்ணில் கட்டுவது கீழே கீழே போய்த் திடீரென்று எம்பும். ஆனால் மொத்த நஷ்டத்தை மொத்தம் கட்டிய தொகையால் வகுத்தால் எல்லாவற்றுக்கும் 0.027க்கு அருகில்தான் வந்தது. மார்ட்டிங்கேலில் ஒரு தொடருக்குச் சராசரியாகக் கட்டுவது 7.6 கொட்டை, சராசரி நஷ்டம் 0.205, வகுத்தால் அதேதான். "மாமா, பூஜ்ஜியத்தை எடுத்துட்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள். எடுத்தாள். வரைபடங்களின் உருவம் ஏறக்குறைய அப்படியே இருந்தது, சராசரி மட்டும் சுழிக்கு வந்து நின்றது. முறை என்பது நஷ்டம் எந்த உருவத்தில் வரும் என்பதைத்தான் மாற்றுகிறது. இதை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை, அவள் திரையில்தான் பார்த்தேன்.

அப்படியானால் ரூலெட்டில் யாரும் ஜெயித்ததே இல்லையா? உண்டு, ஆனால் அவர்கள் கட்டும் முறையை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்த்தவர்கள். யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜோசப் ஜாகர் 1880களில் மான்டே கார்லோவில் ஆள் வைத்து எண்களைக் குறித்து, சில எண்கள் மட்டும் அதிகம் விழும் கோணல் உள்ள சக்கரத்தைக் கண்டுபிடித்தார். 1990களில் கொன்சாலோ கார்சியா பெலாயோ குடும்பத்தோடு மாட்ரிட்டில் அதையே செய்தார், 2004இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கணித அறிஞர்கள் எட்வர்ட் தார்ப்பும் கிளாட் ஷானனும் 1961இல் உடலில் மறைத்து அணியும் கணினி செய்து, பந்தின் வேகத்திலிருந்து விழும் பகுதியைக் கணித்தார்கள். 1985இல் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் அப்படிப்பட்ட கருவிகளைத் தடை செய்தது.

அதனால் என் சக்கரத்தின் மேலேயே கண் போனது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் கொஞ்சம் தாழ்வு. விளிம்புக்குக் கீழே பந்தைத் தட்டிவிடும் வைர வடிவத் தடுப்புகளில் இரண்டில்தான் பந்து அதிகம் மோதுகிறது. காலுக்கடியில் செய்தித்தாள் மடித்து வைத்ததும் அது பரவலானது. ஆனால் சரிவாக இருந்தபோதும் எண்களில் வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் பந்து ஒரே இடத்தில் இறங்கினாலும் அந்த நேரத்தில் கீழே எந்த எண் வருகிறது என்பது சக்கரம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது.

எண்ணில் கோணல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் போட்டுப் பார்த்தேன். 3,700 முறை சுற்றினால் ஒரு எண் சராசரியாக 100 முறை வரும், 80 முதல் 120 வரை எது வந்தாலும் சாதாரணம்தான். 35ல் ஒரு முறை விழும் எண் கிடைத்தால் அதில் கட்டுகிறவருக்கு நூற்றுக்கு 2.86 லாபம். அந்த எண் 3,700 சுற்றில் எத்தனை முறை வரும்? 106. நூறுக்கும் நூற்றாறுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 80-120 இரைச்சலுக்குள் காணாமல் போய்விடும். ஜாகரும் பெலாயோவும் எத்தனை பொறுமையாகக் குறித்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. சில மணி நேர முடிவுகளைப் பலகையில் பார்த்து "சூடான எண்" என்று கட்டுவதில் சாரமே இல்லை. 37 சுற்றில் ஒரு குறிப்பிட்ட எண் ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பே நூற்றுக்கு 36.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது வேலையின் அடுத்த பகுதி. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, பந்து விளிம்பில் ஒரு சுற்று முடிக்க எடுக்கும் நேரம் எப்படிக் கூடிக்கொண்டே போகிறது என்று எக்செலில் போடுகிறேன். பொம்மைப் பந்து பிளாஸ்டிக், லேசு, தடுப்பில் மோதினால் தவளை மாதிரி எங்கேயோ தாவிவிடுகிறது, அதனால் கனமான பந்து தேடுகிறேன். அக்கா மகள் பாதி திருப்பித் தரும் பிரெஞ்சு விதியை நிரலில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். மச்சான் இந்த முறை லபூஷேர் ஆடுவதாகச் சொல்லி, வரம்பை 200 ஆக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒரு படி புளியங்கொட்டை சேர்க்க வேண்டும்.