ஆற்றங்கரையிலும் சுண்ணாம்புக் கோடு போடலாமே

நான் சேலத்தில் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிறவன். வீடு கட்ட வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிளான் படிக்கத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, "இதுதான் சமையலறை, உள்ளே வந்து நில்லுங்க அக்கா" என்றதும்தான் வாய் திறக்கும். "இவ்வளவுதானா? அப்ப சிலிண்டரை எங்க வைக்கிறது?"

2016-ல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது முதல் ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றின் கரையில் சுவர் எழுப்பி அழகாக்கும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. இந்த மாதிரித் திட்டப் படங்களில் எப்போதும் புல்வெளி, விளக்கு, நீலத் தண்ணீர். (சாயப்பட்டறைப் புண்ணியத்தில் நாங்கள் எல்லா நிறத்திலும் தண்ணீர் பார்த்தவர்கள்தான்.) படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? "நல்லா இருக்குங்க" என்பார்கள்.

ஆற்றோரச் சந்தில் இருக்கும் ஒரு பாட்டியிடம் கரைச்சுவர் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "சுவரு வரட்டும் கண்ணு. எங்க சந்துத் தண்ணி எப்படி ஆத்துக்குப் போவும்?" என்றார். பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி அது. ஏற்காட்டு மலையில் கொட்டும் மழையில் ஒரு பங்கு இந்த ஆற்றில்தான் இறங்குகிறது. ஆற்றில் மட்டம் ஏறினால் சுவரில் விட்ட சாக்கடைக் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். அதைத் தடுக்கக் குழாய் வாயில் மூடி வேண்டும். மூடி அடைத்திருக்கும் நேரத்தில் சந்தில் பெய்கிற மழை எங்கே போகும் என்பதற்கும் வழி வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று பாட்டி சுவரைத் தொட்டுக் காட்டினார். எந்தப் பிளானிலும் அந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை.

அகமதாபாத்தில் 2005-ல் சபர்மதி ஆற்றங்கரையை அழகாக்கும் வேலை தொடங்கியபோது, அங்கே குடியிருந்தவர்கள் மாற்று வீடு கேட்டு உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. முதலிலேயே உட்கார வைத்துப் பேசியிருக்கலாம்.

நமக்கு அதற்கு வழி இருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டில் நகரங்களுக்கும் வார்டு குழு, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை ஆகியவற்றுக்கு விதிகள் வந்துவிட்டன. ஆனால் வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் கொலுசுப் பட்டறைக்காரர் வருவாரா? ஆனந்தா பாலத்துப் பக்கம் காய்கறி விற்கிற அம்மா கடையை யாரிடம் விட்டுவிட்டு வருவார்?

அதனால் சுவர் வரப்போகிற இடத்திலேயே சுண்ணாம்புக் கோடு போடட்டும். சுவர் உயரத்துக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உள்ளே வருகிற மாதிரி சில நாள் அப்படியே இருக்கட்டும். மாலையில் பொறியாளரும் கவுன்சிலரும் வந்து நின்றால் போதும், சனம் தானாகப் பேசும். அப்புறம் யார் என்ன கேட்டார்கள், எதை ஏற்றார்கள் என்று எழுதி அதே தெருவில் ஒட்டட்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் இரண்டு வரி.