ஒரு பக்கம் மட்டும் சைனஸா? மேல் பல்லையும் பார்க்கச் சொல்லுங்க

திருப்பூர், பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு சைனஸைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி, ஆடி மாதம் ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கிற காற்று. எனக்கு வந்தபோதும் எல்லாரும் இந்த ரெண்டையும்தான் சொன்னார்கள். மெடிக்கல் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். காரணம் முன்கூட்டியே முடிவாகிவிட்டதால் நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நான் சொன்னது இதுதான்: வலி வலது கன்னத்தில் மட்டும். மஞ்சளாக ஒழுகுவதும் வலது மூக்கில் மட்டும். செருப்பு மாட்டக் குனிந்தால் கன்ன எலும்புக்குள் ஒரு கல் உருண்டு முன்னால் வந்து நிற்பது போல இருக்கும். கூடவே, உள்ளுக்குள்ளேயே ஒரு அழுகல் நாற்றம். சோற்றில் கை வைக்க முடியாது.

முதலில் மெடிக்கல் கடை. "தூசி சைனஸுதானுங்க, இதைப் போடுங்க, சரியாயிரும்" என்று ஆன்டிபயாடிக்கை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தார் கடைக்காரர். மூக்கில் விடச் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தையும் கொடுத்து, "அடைக்கறப்பெல்லாம் விட்டுக்குங்க" என்றார். அந்தச் சொட்டு மருந்தை 5 நாளைக்கு மேல் விட்டால், மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். இதைச் சொல்லாமல் விற்பது பெரிய தப்பு. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். சாதாரணச் சளியோடு வரும் சைனஸ் பெரும்பாலும் வைரஸ். அதற்கு அந்த மாத்திரை வேலை செய்யாது. 10 நாள் தாண்டியும் குறையாவிட்டாலோ, குறைந்து வந்தது திடீரென்று மறுபடி ஏறினாலோதான் டாக்டர் அதை யோசிப்பார்.

அம்மா "ஆவி பிடி கண்ணு" என்று நொச்சித் தழை போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து கோயமுத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்குத் தண்டு (ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவர்) வளைந்திருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம், சி.டி. (CT) ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்றார். ஸ்கேன் சென்டரில் பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் கொடுத்தார்கள். கொண்டுபோனால், "கம்ப்யூட்டர்ல பார்க்கோணுமுங்க, ஸ்கேன் பதிஞ்ச சிடி (CD) தட்டு எங்கே?" என்று கிளினிக்கில் கேட்டார்கள். திரும்ப ஸ்கேன் சென்டருக்கு ஓடினால், அதைப் போட்டுத் தருகிற ஆள் கிளம்பிவிட்டாராம், நாளைக்கு வரச் சொன்னார்கள். கம்பெனியில் லீவு போட்டு, காய்ச்சலோடு பஸ் ஏறி வந்தவனிடம் சொல்கிற பதிலா இது? பணம் கட்டும்போதே தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் வலது கன்ன சைனஸ் (கன்ன எலும்புக்குள் இருக்கிற காற்று அறை) முழுக்க அடைப்பு, தண்டு வளைவு என்று இருந்தது. பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆபரேஷனுக்கு முன் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று ஈரோட்டில் வயதான ஒரு டாக்டரிடம் காட்டினேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வலது பக்கம் மேல் பல்லுல ஏதாவது வேலை செஞ்சிருக்கீங்களா?" என்றார். செய்திருந்தேன். சில வருஷத்துக்கு முன் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) பண்ணி கேப் போட்டிருந்தார்கள். அவர் உடனே பல் டாக்டரிடம் அனுப்பினார்.

அந்தம்மா வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். கேப் போட்ட பல்லைத் தட்டியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அதே ஸ்கேனைத் திரையில் போட்டு, பல் வேரின் நுனியில் கறுப்பாக ஒரு நிழலைக் காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கும் சைனஸுக்கும் நடுவே மெல்லிய எலும்புதான். வேரில் கட்டிய சீழ் அதை அரித்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறது. எத்தனை மாத்திரை போட்டாலும் ஊற்று பல்லில் இருந்தால் எப்படி நிற்கும்? நான் கற்பனை பண்ணவில்லை என்று தெரிந்ததே எனக்குப் பாதி குணம்.

பல்லைக் காப்பாற்ற முடியாத நிலை, எடுத்தாகிவிட்டது. அதற்குப் பின்தான் கவனம் வேண்டும். பிடுங்கிய குழிக்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடலாம் என்பதால் ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கூடவே ஆன்டிபயாடிக், இந்த முறை டாக்டர் எழுதி, முழுசாக.

ரெண்டு வாரம் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு உப்புத் தண்ணீரால் மூக்கு கழுவினேன். குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்தான். 2024-ல் பக்கத்துக் கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபாவால் உயிர்கள் போனது நினைவிருக்கும். அது மூக்கு வழியாகத்தான் ஏறும்.

கண் இமை வீங்கினாலோ, பார்வை ரெண்டாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ ஒரு நிமிஷமும் தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாற்றம்தான் முதலில் போனது. அப்புறம் கன்னத்துப் பாரம். ஒரு நாள் அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு தாளிக்கிற வாசம் கூடத்துக்கே வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஈரோட்டு டாக்டர் கடைசியாகப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேவையில்லை என்றார். தண்டு வளைந்தபடியேதான் இருக்கிறது. ரெண்டு மூக்கிலும் மூச்சு தாராளமாக வருகிறது.