பூட்டியிருந்த வீடுகள்: ஒரு நாட்குறிப்பு

29 ஜூன் 2025, ஞாயிறு

இன்று புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் பிறந்த நாள். 1893இல் கல்கத்தாவில் பிறந்தவர். 2007 முதல் இந்த நாளைத் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வேலையில் இருந்தவரை இந்த நாளில் ஏதாவது ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்று வீட்டில் இருந்து, டிரங்குப் பெட்டியில் கிடந்த களக் குறிப்பேடுகளை எடுத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். முப்பது வருடத்துக் கையெழுத்து. சில பக்கங்களில் மை ஊறிப்போய் 3 எது, 8 எது என்றே தெரியவில்லை.

இந்த மாதம் 16ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை வந்தது. 2027 மார்ச் 1 கணக்கு நாள். கடைசியாக எண்ணியது 2011இல். 1881 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் எண்ணி வந்த நாட்டில், 2021இல் முதல்முறையாக அது விட்டுப்போனது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை வெளியில் இருப்பவர்களிடம் விளக்குவது கஷ்டம். ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு, லட்சம் பேருக்கு எத்தனை காசநோய் என்று எதைச் சொன்னாலும் கோட்டுக்குக் கீழே ஒரு எண் வேண்டும். பள்ளியில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று படித்தோமே, அந்தப் பகுதி. பதினான்கு வருடமாக மதிப்பீட்டை வைத்தே அதைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாயங்காலம் மதுரை ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை போன் செய்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை சுற்றுச்சூழல் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார். சரி என்றேன்.

8 ஜூலை, செவ்வாய்

முதல் வகுப்பு. ஜன்னலுக்கு வெளியே யானைமலை முழுசாகத் தெரிகிறது. படுத்திருக்கும் யானையின் முதுகில் காலை வெயில்.

நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டேன். "மரம் நடணும் மிஸ்." "பிளாஸ்டிக் கூடாது மிஸ்." "மஞ்சப்பை மிஸ்." எல்லாம் சரியான பதில்தான். 2005 முதல் 2014 வரை ஐ.நா. சபை நிலைத்த வளர்ச்சிக் கல்விக்கென்றே ஒரு பத்தாண்டை ஒதுக்கியது. அந்த வருடங்களில் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். எங்கு போனாலும் ஓவியப் போட்டி, உறுதிமொழி, ஊர்வலம். 2015இல் 17 இலக்குகளும் அவற்றுக்குள் 169 உட்குறிக்கோள்களும் வந்தன. நான்காவது இலக்கில் ஏழாவது குறிக்கோள், 2030க்குள் படிக்கிற ஒவ்வொருவருக்கும் நிலைத்த வளர்ச்சிக்கான அறிவும் திறனும் கிடைக்க வேண்டும் என்கிறது. அதை முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் உறுதிமொழி சொன்ன பிள்ளை வீட்டுக்குப் போனதும் எதைப் பார்க்கும், எதைத் தொடும் என்பதை அந்தப் பயிற்சிகளில் யாரும் சொல்லித்தரவில்லை.

"உங்க தெருவுல எத்தனை வீடு?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, முக்குக்கடை வீடு, டெய்லர் வீடு, வேப்பமரத்து வீடு என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். பத்தொன்பதில் நின்றாள்.

"பூட்டிக் கெடக்குற வீட்டையும் சேக்கவா மிஸ்?"

அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

12 ஜூலை, சனி

பிள்ளைகளோடு தெருவில் இறங்கினேன். நாலு நாலு பேராகக் குழு. கையில் டார்ச், நோட்டு. தண்ணீர் நிற்கிற எதையும் விடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். டிரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா, பூந்தொட்டித் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், டயர், சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் குடிக்கப் பிடித்து வைக்கிற மாதிரித் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரியும். அதனால்தான் கொட்டினால் மட்டும் போதாது, நார் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் என்பதால் வாரம் ஒருமுறை கழுவினால் போதும்.

ஒரு வீட்டில் அப்பத்தா ஒருவர் டிரம்மை மறைத்துக்கொண்டு நின்றார். "தண்ணி வந்து நாலு நாளாச்சு தாயி. இதையும் கவுக்கச் சொல்றியா?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் யார் டிரம்மில் பிடித்து வைக்கப் போகிறார்கள்? கொசுவின் கணக்கைப் பிடித்துக்கொண்டே போனால் குழாயில் போய் நிற்கிறது, அங்கிருந்து கண்மாய்க்கும் வைகைக்கும் போகிறது. பிள்ளைகள் இதைப் பாடமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பார்கள். அந்த அப்பத்தாவின் முகத்தை மறக்க மாட்டார்கள். ஒரு பையன் தானாகவே, "கொட்ட வேணாம் அப்பத்தா, பழைய வேட்டியைப் போட்டு இறுக்கிக் கட்டிருங்க" என்றான். கட்டியும் கொடுத்தான்.

பள்ளிக்குத் திரும்பிக் கூட்டிப் பார்த்தோம். 61 வீடு. 9 வீடு பூட்டியிருந்தது. 13 வீட்டில் கொசுப்புழு. 13ஐ 61ஆல் வகுத்தால் நூற்றுக்கு 21. பார்த்த 52ஆல் வகுத்தால் 25. எது சரி என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பார்க்காத வீட்டில் புழு இல்லை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று அந்த விரல் மடக்கிய பெண் கேட்டாள். எங்கள் துறையில் பெரியவர்களே இந்த இடத்தில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

20 ஜூலை, ஞாயிறு

காலையிலிருந்து மனம் சரியில்லை. பூட்டிய வீடு என்று நேற்று வகுப்பில் மறுபடி பேச்சு வந்ததிலிருந்து.

1990களின் நடுவில் நான் உசிலம்பட்டிப் பக்கம் களப்பணியில் இருந்தேன். புள்ளியியல் முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளைக் கணக்கெடுப்பது வேலை. இயற்கையாக அந்த மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் அதிகம் இறக்கும். பெண் சிசு பிறவியிலேயே கொஞ்சம் உறுதி. ஆகவே ஓர் ஊரின் பதிவேட்டில் பெண் சிசு மரணம் ஆண் சிசு மரணத்தைத் தாண்டினால், அங்கே இயற்கை செய்யாத ஏதோ ஒன்று நடக்கிறது என்று பொருள். யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இறப்புக் காரணம் எழுதும் இடத்தில் "சமூகக் காரணம்" என்று இருக்கும். அந்த இரண்டு சொல்லை முதல்முறை படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை எழுதிய கிராம சுகாதார செவிலியர்களை நான் மதிக்கிறேன். காய்ச்சல் என்றோ மூச்சுத்திணறல் என்றோ எழுதிவிட்டுப் போயிருக்கலாம். உண்மையின் ஒரு முனையையாவது பதிவேட்டில் விட்டுவைத்தார்கள். அந்த எண்கள் இல்லாமல் பிறகு யாரும் எதையும் கேட்டிருக்க முடியாது. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இலேயே வந்திருந்தது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 1991இல் 948 பெண் பிள்ளைகள் இருந்தார்கள். 2001இல் அது 942, 2011இல் 943. இப்போது எத்தனை என்பதற்குத்தான் அடுத்த கணக்கெடுப்பைக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஒரு வீடு பூட்டியிருந்தால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஓர் ஊரில் கடைசித் தெருவில் ஒரு வீடு பூட்டியிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒருமுறை போனதை மூன்று முறை என்று எழுதிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து அந்த ஊர்ச் செவிலியர் பேச்சுவாக்கில் சொன்னார், அந்த வாரம் அந்த வீட்டில் பிரசவம் ஆகியிருந்தது என்று. பெண் குழந்தை. ஒன்பது நாள் இருந்ததாம். என்ன காரணம் என்று அவருக்கும் தெரியவில்லை. என் கணக்கில் அந்தக் குழந்தை பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

நான் போயிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்று பலமுறை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது எனக்கு ஆறுதல் தந்ததில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றுப்பக்கம் போய்விட்டு வந்தேன். காலையில் தேங்காய்ச் சாதம் மட்டும் செய்தேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஒரு பையன் கேட்டான்: "வயக்காட்டுல அவ்ளோ தண்ணி நிக்குதே, அதுல கொசு வராதா மிஸ்?" அவன் குடும்பத்துக்கு மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நிலம்.

வரும். நெல் வயலில் வளர்வது கியூலெக்ஸ் வகை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது அது. கிருமி பன்றிகளிலும் நாரை, கொக்கு போன்ற பறவைகளிலும் இருக்கும். அங்கிருந்து கொசு எடுத்து வந்து பிள்ளைகளைக் கடிக்கும். 1985இல் மதுரை சின்னச் சொக்கிகுளத்தில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அந்த விஞ்ஞானிகள் நம் பக்கத்து வயல்களிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், வடியவிட்டுப் பிறகு பாய்ச்சினால் கொசுப்புழு குறைகிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிகள் சொல்வது அதுதான். தண்ணீரும் மிச்சம். ஆனால் மடை திறப்பதும் அடைப்பதும் ஒருவர் வயலில் மட்டும் நடக்கிற காரியமா? வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து செய்ய வேண்டும். அந்தப் பையன் அவன் அய்யாவிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சுகாதாரம் ஒரு பாடம், சுற்றுச்சூழல் வேறு பாடம் என்று புத்தகத்தில் பிரித்து வைத்ததை இந்தப் பிள்ளைகள் ஒரே கேள்வியில் சேர்த்துவிடுகிறார்கள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கத் திருமங்கலம் ரோட்டில் பஸ்ஸில் போனேன். தோப்பூர் காசநோய் மருத்துவமனைப் பக்கம் வந்ததும் என் ஆசிரியர் நினைவு. புள்ளியியல் எதற்கு என்று கேட்டபோது அவர் சொன்னது சென்னை ஆய்வைத்தான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இல்லாமல் மருந்து வேலை செய்யாது என்று நம்பினார்கள். 1956இல் சென்னையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் வந்த முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள் என்றது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஏழை வீட்டுச் சாப்பாடு, நெரிசலான குடிசை, எல்லாம் சேர்த்துத்தான் இந்த முடிவு. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் வீட்டுக்கு வந்ததற்கு நம் ஊர்க் குடிசைகளும் ஒரு காரணம். இதை அடுத்த வகுப்பில் சொல்ல வேண்டும்.

25 அக்டோபர், சனி

தீபாவளி முடிந்து நல்ல மழை. இரண்டாவது கணக்கெடுப்பு. சிரட்டை, டயர், வெடித்துப் போட்ட சட்டி என்று மழைத் தண்ணீர் நிற்காத இடமில்லை.

ராத்திரி தாள்களைச் சரிபார்க்கும்போது ஒரு குழுவின் தாளில் நின்றேன். பன்னிரண்டு வீடு, ஒன்றுகூடப் பூட்டவில்லை. பன்னிரண்டிலும் புழு 0. பக்கத்துத் தெருக் குழு தவறுதலாக அந்தப் பக்கத்தின் கோடி வீட்டையும் பார்க்கப் போயிருக்கிறது. அவர்கள் தாளில் அந்த வீட்டுக்கு நேரே "பூட்டு" என்று இருக்கிறது.

தாளை எழுதியவன், அப்பத்தாவின் டிரம்மில் வேட்டி கட்டிக்கொடுத்த அதே பையன்.

1 நவம்பர், சனி

அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். கேட்பதற்கு முன்பே அழுதுவிட்டான். "நாம இவ்ளோ சொல்லியும் புழு இருந்தா நீங்க வருத்தப்படுவீங்கன்னு நெனச்சேன் மிஸ்."

எத்தனையோ அறிக்கைகளில் கீழிருந்து மேலே வரும்போது எண்கள் இப்படித்தான் அழகாகிக்கொண்டே வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. மேலே இருப்பவர் வருத்தப்படக் கூடாது என்கிற அன்பிலும் பயத்திலும் செய்கிறார்கள். நான் அவனைத் திட்டவில்லை. "நானும் ஒருதடவை இப்படி எழுதியிருக்கேன்ப்பா. பூட்டியிருந்த வீடு. திரும்பிப் போகவே இல்ல," என்றேன். அழுகை நின்று என்னையே பார்த்தான். எந்த வீடு என்று கேட்டான். ஊரின் பெயரைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை, அவனுக்குப் பதின்மூன்று வயது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் அவன்தான் கதவைத் தட்டினான். கோடி வீடு அப்போதும் பூட்டித்தான் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தோம். தூறல். ஏழே காலுக்கு அந்த வீட்டு அக்கா வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். "வாங்க டீச்சர், ஏன் வெளிய உக்காந்துருக்கீங்க?" என்று கதவைத் திறந்தார். அவன் நேராக பிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் குனிந்து டார்ச் அடித்தான்.

"இருக்கு மிஸ்," என்றான். தாளில் 0ஐ அடித்துவிட்டு மேலே 1 என்று எழுதினான். பக்கத்தில் நேரத்தையும் போட்டான்.