நுளம்புக்கு அடிக்கும் புகையில் தும்பியும் சாகும்

அவிசாவளைப் பக்கம் ரப்பர் காணிகளுக்கு நடுவில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, வெள்ளவத்தை இரைச்சல் தாங்காமல் சனி ஞாயிறில் அங்கே ஓடிவிடுவோம். வந்து தங்குகிற சொந்தக்காரர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "புகை அடிக்கலாமே?"

அடிக்க மாட்டேன். அந்தப் புகையில் இருப்பது பைரித்ரொயிட், மலத்தியன் போன்ற மருந்துகள். தேனீ, தும்பி, வண்ணத்துப்பூச்சி என்று எது எதிர்ப்பட்டாலும் கொல்லும், ஓடையில் கலந்தால் மீனுக்கும் நஞ்சு. ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற நுளம்புக் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது, சில நாளில் அது சிறகு முளைத்து வந்துவிடும். நுளம்பைத் தின்கிற தும்பியோ வளர்ந்து பறக்கவே மாதக்கணக்கு எடுக்கும்.

பூச்சி கொல்லும் நீல லைட்டும் வேண்டாம். அமெரிக்காவின் டெலவெயரில் அப்படிப்பட்ட லைட்டுகளில் செத்ததை எண்ணி 1996இல் வெளியிட்டார்கள்: 13,789 பூச்சிகளில் ஆளைக் கடிக்கிற பூச்சிகள் வெறும் 31.

டெங்கு பரப்பும் ஈடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்தில் இருந்து நூறு இருநூறு மீற்றருக்குள்தான் சுற்றும். அதாவது நம்மைக் கடிப்பது அநேகமாக நம் வளவில் பிறந்தது. எங்கள் காணியில் அது பிறந்தது ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டைகளில், பால் வெட்டாத நாட்களில் மரத்திலேயே நிமிர்ந்தபடி மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றன, பால் வெட்ட வருகிற அக்காவிடம் சொன்னோம், இப்போது வேலை முடிந்ததும் கவிழ்த்துவிட்டுப் போகிறார். அப்புறம் கூரைப் பீலியில் அடைத்த சருகு, பூச்சாடித் தட்டு, வெட்டிய மூங்கில் அடி (அதற்குள் மண் போட்டு நிரப்பினோம்), மலக்குழியின் காற்றுக் குழாய்க்கு ஒரு துண்டு வலை. இந்த வெக்கையில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும், அதனால் வாரம் தவறாமல் பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தேங்காய்த் தும்பால் நன்றாக உரசிக் கழுவுங்கள்.

மூட முடியாத தொட்டிக்கு பிடிஐ என்கிற பக்டீரியாத் தூள் நல்லது, அது நுளம்புக் குடம்பியையும் அதற்கு மிக நெருங்கிய சில ஈக்களின் குடம்பியையும் தவிர வேறு எதையும் தொடாது. கப்பி மீன் விடுவதென்றால் தொட்டியோடு நிற்கட்டும், ஓடையில் விடாதீர்கள், நம் நாட்டுச் சின்ன மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

வளவின் கடைசியில் நிற்கும் பலா மரப் பொந்துத் தண்ணீரை மட்டும் நான் கலைப்பதில்லை. அதற்குள் செம்பழுப்பில், தடித்த குடம்பிகள் இருக்கின்றன, டொக்ஸோரின்கைட்டிஸ் என்கிற பெரிய நுளம்பினுடையவை. மற்ற நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துத் தின்னும், வளர்ந்தால் நீலமாக மின்னும், வளைந்த தும்பிக்கையால் பூந்தேன்தான் குடிக்கும், ஆளைக் கடிக்காது. அது இல்லாத பொந்து என்றால் மண் போட்டு மூடிவிடுவேன்.

மற்றபடி படுக்கைக்கு வலை, விறாந்தையில் மேசை ஃபேன். நுளம்பு காற்றை எதிர்த்துப் பறக்கச் சக்தியில்லாதது, காலடியில் காற்று பட்டால் பெரும்பாலும் கிட்ட வராது.

மே மாதம் மழை பிடிக்க முன் பக்கத்துக் காணிக்காரரோடும் பேச வேண்டும், அவருடைய சிரட்டைகள் இன்னும் நிமிர்ந்தபடியேதான் இருக்கின்றன.