30 டயா மெஷினும் என் இரண்டு கைகளும்

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பனியன் துணி எங்கே தொங்கினாலும் கண்ணுக்கு முன்னால் கை போய்விடும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், இதுக்கா 900 ரூபாய்?" என்று கடைப் பையன் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். சிங்கிள் ஜெர்சி என்றால் ஒற்றைப் பின்னல் பனியன் துணி, ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிற எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை.

குன்னூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகளுக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு போர்வைப் படத்தை அனுப்பி, "அப்பா, வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள். தாம்புக்கயிறு தடிமனில் வெள்ளைக் கம்பளி, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு முஷ்டி நுழையும். விலை 12,000 ரூபாய் சொச்சம்.

மெரினோ கம்பளி அது. முறுக்கில்லாத இழை, அதனால்தான் அத்தனை மெத்தென்று இருக்கும். அதனாலேயே நாலு நாள் புரண்டு படுத்தால் முடி உதிர்ந்து உருண்டை உருண்டையாகத் திரளும். தண்ணீரில் அலசினால் இறுகிக் கெட்டியாகிவிடும். இதையெல்லாம் அவளுக்குப் பொறுமையாக விளக்கிவிட்டு, "இதுல பின்னுறதுக்கு ஊசிகூட கிடையாது, வெறும் கைதான். நானே போட்டுத் தர்றேன்" என்று சொல்லி வைத்தேன். பின்னாலிருந்து என் மனைவி சிரித்த சத்தம் போனில் அவளுக்கும் கேட்டிருக்கும்.

கம்பளிக்குப் பதில் பனியன் துணி என்பது என் திட்டம். எங்கள் ஊர்க் காதர்பேட்டையில் தெரிந்த கடையில் எக்ஸ்போர்ட் துணி மிச்சம் கிலோ கணக்கில் கிடைக்கும். குழாய் வடிவிலேயே வந்த டயா துணியாகப் பார்த்து 5 கிலோ பொறுக்கினேன். ஏன் டயா துணி என்றால், வெட்டிப் பிரிக்காத குழாயை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் முடிச்சே இல்லாமல் ஒரே நீளமாக நாடா வரும். சிங்கிள் ஜெர்சி என்பதும் காரணத்தோடுதான். நாடாவைப் பிடித்து இழுத்தால் இரண்டு ஓரமும் தானாக உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். இரட்டைப் பின்னலான இன்டர்லாக்கோ ரிப்போ வாங்கினால் நாள் முழுக்க இழுத்தாலும் தட்டையாகவே கிடக்கும். கணக்கும் போட்டேன்: 180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோவுக்கு ஐந்தரை சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் 55 மீட்டர் நாடா. 5 கிலோவுக்கு 275 மீட்டர், மூன்று இழையாகச் சேர்த்தால் 90 மீட்டருக்குக் குறையாது. இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சொன்னேன்.

வெட்டுகிற வேலையிலேயே கட்டைவிரல் காய்த்துவிட்டது. அதை விடுங்கள். பின்னல்தான் விஷயம்.

எங்கள் நிட்டிங் யூனிட்டில் 30 டயா, 24 கேஜ் மெஷினில், அதாவது 30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி என்ற கணக்கில், இரண்டாயிரத்துக்கும் மேல் ஊசி இருக்கிறது. ஒவ்வொன்றும் பழைய கண்ணிக்குள்ளே புது நூலை இழுத்து, பழையதைக் கழற்றிவிடும். கைப்பின்னலும் அதே தத்துவம்தான், ஊசிக்குப் பதில் முழங்கை. வலது கையில் 16 கண்ணி ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் நாடாவை வலது உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை ஒட்டியிருக்கும் கண்ணியை அந்தக் கைக்கு மேலாகக் கழற்றினால், பிடித்திருந்த நாடா புதுக் கண்ணியாக நிற்கும். அதை இடது கையில் மாட்ட வேண்டும். இப்படியே 16 கண்ணியும் இடம் மாறினால் ஒரு வரிசை. அடுத்த வரிசையில் இடதிலிருந்து வலதுக்கு.

சொல்ல எளிது. என் கையில் முடி அதிகம். துணி ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் நாலைந்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிறு எந்த வரிசையில் கண்ணியோடு சேர்ந்து போனதென்று தெரியவில்லை. இன்னமும் போர்வைக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

வரிசை முடிகிறபோது ஒரு கைக்கு விடுதலை உண்டு. வரிசை நடுவில் என்றால் இரண்டு கையும் கட்டுண்டு கிடக்கும். இதை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டவள் என் மனைவி. எட்டாவது கண்ணி தாண்டுகிற வரைக்கும் காத்திருந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "சொத்து வரி கட்டியாச்சுங்களா?" என்று ஆரம்பித்தாள். அடுத்தது தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு என்ன செய்வது, பிறகு மாடிப்படி பைப்பு ஒழுகுவது, அப்புறம் நான் மறந்தே போயிருந்த ஒரு தீபாவளிச் சேலை. போன் வந்த மாதிரி பாவனை செய்து எழுந்து போக வழியில்லை. எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். அந்த வரிசையில் மட்டும் கண்ணியெல்லாம் இறுக்கமாக இருக்கும், பார்த்தாலே தெரியும்.

சாப்பிடப் போக வேண்டுமென்றால் கண்ணிகளை வேறெதிலாவது மாற்றி வைத்தால்தான் உண்டு. கையில் கிடைத்தது ஒட்டடைக் கம்பு. கம்பை இரண்டு நாற்காலிக்கு நடுவே படுக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அம்மா வந்து அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பனியன் வேஸ்ட்டில் எங்கள் ஊர்ப் பெண்கள் பின்னாத கால்மிதி இல்லை. அம்மாவும் ஒரு காலத்தில் பின்னியவர்தான். ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்குது சாமி. இத்தனை பெரிய கால்மிதி எந்தக் கல்யாண மண்டபத்துக்கு?"

போர்வை ஒருவழியாக முடிந்தது. அகலம் 48 அங்குலம், நீளம் 60. பாதிக்கு மேல் ஒரு பட்டை மட்டும் உள்வாங்கி, போர்வைக்கு இடுப்பு வைத்த மாதிரி இருந்தது. கடையில் கட்டிக் கொடுத்த மூட்டையில் ஒரு துண்டு, இழுத்தால் திரும்பச் சுருங்குகிற லைக்ரா கலந்த துணி. கடைக்காரருக்கும் தெரியாது, தேய்த்துப் பார்த்து வாங்கிய நிபுணருக்கும் தெரியவில்லை. மகளிடம் அது டிசைன் என்று சொல்லியாயிற்று.

புதுத்துணி, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை அலசலாம் என்றாள் மனைவி. எங்கள் வாஷிங் மெஷின் ஆறரைக் கிலோ. போர்வை 5 கிலோதானே என்று உள்ளே திணித்தோம். பிழிகிற கட்டம் வந்ததும் மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டு சுவரைவிட்டு ஓரடி முன்னால் நடந்து வந்து, கூவிவிட்டு நின்றுவிட்டது. நனைந்த பருத்தி ஒரே பக்கம் திரண்டால் அது என்ன செய்யும், பாவம். ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கி, படியெல்லாம் சொட்டச் சொட்ட மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டோம்.

அங்கேதான் வேடிக்கை. கம்பளிக்கு இழுத்தால் திரும்புகிற குணம் உண்டு. பருத்திக்கு அந்தப் பழக்கம் குறைவு. அதிலும் முஷ்டி நுழைகிற கண்ணி, முழுக்கத் தண்ணீர். கண்ணெதிரே போர்வை இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் முட்டி உயரம், அப்புறம் கணுக்கால், காபி குடித்துவிட்டு வருவதற்குள் கொடிக் கம்பியும் வளைந்து தரையில் ஒரு சுருள் படுத்திருந்தது. டேப் வைத்தேன்: 84 அங்குலம். துணி 5 சதவீதம் சுருங்கினாலே ஆர்டர் கொடுத்த பையர் மெயிலில் குதிப்பார். இங்கே 40 சதவீதம் நீண்டிருக்கிறது. கொடியிலிருந்து எடுத்து, தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் படுக்கப் போட்டுக் காய வைத்தோம். காய்ந்ததும் 78-க்கு வந்து நின்றது. அதற்குமேல் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்பது அதன் முடிவு.

சாக்கு மூட்டையில் கட்டி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து குன்னூர் பஸ்ஸுக்கு மாற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். மகள் கட்டிலில் விரித்துப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. ராத்திரி போன் செய்து, "அப்பா, கண்ணி வழியா காத்து வருது. ஆனா இதுக்கு மேல பழைய கம்பளியைப் போட்டா சூப்பரா இருக்குது" என்றாள். 5 கிலோ போர்வை பறக்காமல் இருக்க அரைக்கிலோ கம்பளி.

இப்போது அவள் அறைத்தோழிக்கும் ஒன்று வேண்டுமாம், சாம்பல் நிறத்தில், இடுப்பு வைத்த டிசைனே போதுமாம். மினிமம் ஆர்டர் 500 பீஸ், பாதிப் பணம் முன்பணம், டெலிவரி மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் என்று கொட்டேஷன் அனுப்பியிருக்கிறேன்.