வாங்கும் மேசையில் யாரை உட்காரவைப்பது?

பயன்படுத்திய துணிகளை விற்கும் கடை தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். விளம்பரம் எப்படிச் செய்வது, வேலைக்கு ஆட்களை எப்படிப் பிடிப்பது. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். புதுத்துணிக் கடைக்குச் சரக்கு மொத்த வியாபாரியிடமிருந்து வரும். நமக்கோ வாசல் வழியாக, பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் கொண்டுவந்தால்தான் உண்டு. இன்று கொடுக்க வந்தவர் நாளை வாங்கவும் வருவார். அதனால் அந்தப் பையைப் பிரிக்கிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், என்ன பேசுகிறார் என்பதுதான் கடையின் முதல் விளம்பரம்.

பல கடைகளில் கெட்டிக்கார ஆளைக் கல்லாவில் வைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவரை அந்த மேசையில் விடுகிறார்கள். நான் நேர் எதிர். பில் போடுவதை யாரும் சீக்கிரம் பழகிவிடலாம். துணி பார்ப்பது அப்படி இல்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் அக்குள், அடுத்து காலரின் உள்பக்கம், கைமடிப்பு. பேண்ட் என்றால் தொடை உரசும் இடமும் கால் விளிம்பும். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை ஒருதடவை முழுதாக இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பளி ஸ்வெட்டரில் பூச்சி அரித்த ஓட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும், மேசையில் பரப்பிப் பார்த்தால் கண்ணுக்கே படாது. அதைக் கவனிக்காமல் உள்ளே எடுத்தால் பக்கத்தில் தொங்கும் கம்பளிகளுக்கும் கேடு. கடைசியாக மூக்கு. சிகரெட் நாற்றமும் அந்துருண்டை வாடையும் ஒரு சலவையில் போகாது. அந்த மாதிரித் துணி எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் நான் எடுப்பதில்லை.

பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். ஒருவர் கொண்டுவரும் துணி அவர் ஆசைப்பட்டு வாங்கியது. “இதெல்லாம் யார் போடுவாங்க?” என்று ஒரு வார்த்தை விழுந்தால் அவர் திரும்ப வரமாட்டார், வீட்டில் இருப்பவர்களையும் வரவிடமாட்டார். குறையை விரலால் தொட்டுக் காட்டலாம். “இந்த அளவில் எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்குங்க” என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால். எடுக்காத துணிகளை மடித்து, அதே பையில் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். ஆளெடுக்கும்போது நான் முன் அனுபவம் கேட்பதில்லை. கறை படிந்த சட்டை ஒன்றைக் கொடுத்து, “நான்தான் இதைக் கொண்டுவந்தவள், வேண்டாம்னு சொல்லுங்க” என்பேன். முகம் கோணாமல் சொல்லத் தெரிந்தவருக்கு மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கற்றுக்கொடுக்க நிறையவே இருக்கிறது. லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் உள்ள சிவப்புத் துணுக்கில், பெயரின் ஆங்கில ‘ஈ’ (E) பெரிய எழுத்தாக இருந்தால் அது 1971-க்கு முந்தையதாக இருக்கலாம். சேகரிப்பவர்கள் தேடி அலையும் சரக்கு. அது தெரியாத ஆள் அதைச் சாதாரண ஜீன்ஸ் விலைக்கு மாட்டிவிடுவார். தெரிந்த ஆள் தானே வாங்கிக்கொள்ளவும் பார்ப்பார். அதனால் எங்களிடம் ஒரு விதி. கடையில் வேலை செய்பவர் எந்தத் துணியையும் அது இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கிய பிறகுதான் வாங்கலாம், விலையும் பில்லும் வேறொருவர் போட வேண்டும். நல்லதெல்லாம் உள்ளறையிலேயே போய்விடுகிறது என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் எந்தத் தள்ளுபடியாலும் அதை அடக்க முடியாது.

சனி, ஞாயிறுகளில் கொடுக்க வருபவர்களிடம் துணி எடுப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த நாட்களில் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவருக்கு வேறு அளவில் இன்னொரு துணி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். எடுக்கும் நேரத்தை வாசலில் எழுதி ஒட்டிவிட்டால் சண்டையும் இல்லை.

இனி வெளி விளம்பரம். நம் சரக்கில் எல்லாமே ஒற்றை உருப்படி. ஒரு கோட்டுக்குப் பணம் கட்டி விளம்பரம் செய்து, அது முதல் நாளே விற்றுவிட்டால் மீதிப் பணம் வீண். வந்து கேட்பவருக்கும் ஏமாற்றம். ஆகவே துணியை விட்டுவிட்டு, கிழமையை விளம்பரம் செய்யுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், புதிதாக வந்தவை எல்லாம் அன்றுதான் மாட்டப்படும். அதற்கு முந்தின மாலை ஸ்டேட்டஸில் நாலைந்து படம் போதும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், லேபிள், குறை இருந்தால் அதையும் கிட்டப் போய். குறையைக் காட்டினால் விற்காது என்று பயப்படுகிறார்கள். காட்டாமல் விற்றால்தான் துணி திரும்பி வரும். லேபிளில் உள்ள அளவை மட்டும் நம்பாதீர்கள், ஒரு பிராண்டின் மீடியம் இன்னொன்றின் ஸ்மாலாக இருக்கும். தட்டையாக விரித்து அக்குளுக்கு அக்குள், தோள், நீளம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

கமிஷன் முறையில், அதாவது விற்ற பிறகு உரியவருக்குப் பங்கு கொடுப்பதாகச் சொல்லி எடுக்கிறீர்கள் என்றால் இன்னொரு விளம்பரம் இருக்கிறது, செலவே கிடையாது. துணி விற்ற அன்றே உரியவருக்கு “உங்கள் நீலக் கோட் இன்று விற்றுவிட்டது, உங்கள் பங்கு இவ்வளவு” என்று ஒரு செய்தி. அதை அவர் இரண்டு பேருக்காவது காட்டுவார். விற்காததற்கும் கணக்கு வேண்டும். மாதத்துக்கு ஒரு நிற டேக் கட்டி, இரண்டாம் மாதம் விலையில் கால்வாசி குறைத்து, மூன்றாம் மாதம் பாதி விலை, அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த அட்டவணையை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், “என் துணியை ஏன் இவ்வளவு மலிவாக விற்றீர்கள்?” என்று பின்னால் யாரும் கேட்கமாட்டார்கள். குளிர் முடிந்ததும் எல்லாரும் ஸ்வெட்டரோடு வருவார்கள். அடுத்த குளிருக்கு முன்னால் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, மறக்காமல் அப்போது ஒரு செய்தி அனுப்புங்கள்.

விளம்பரத்துக்குப் பூமியைக் காப்போம் என்ற வாசகத்தைப் பலர் நம்புகிறார்கள். 2011-இல் குளிர், மலையேற்ற உடைகள் விற்கும் அமெரிக்காவின் படகோனியா நிறுவனம் நியூயார்க் டைம்ஸில் ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது. அது பெரிய பெயருக்குப் பொருந்தும். சின்னக் கடைக்கு அந்தப் பேச்சால் ஒருவர் முதல் தடவை வரலாம், மறுபடி வருவது அளவும் விலையும் பிடித்தால்தான்.

கடைசியாக ஒன்று. படமும் செய்தியும் போடும் கடையின் கணக்கு எந்தக் காரணத்தாலும் வேலை செய்பவரின் சொந்தப் போனில், சொந்த எண்ணில் இருக்கக் கூடாது. நன்றாகப் படம் எடுக்கிற பிள்ளை ஒருநாள் வேறு வேலைக்குப் போகும், போகத்தான் வேண்டும். எண்ணும் கடவுச்சொல்லும் கடையோடு இருக்கட்டும். படம் எடுக்கும் வேலையை இன்னொருவருக்கும் இப்போதே பழக்கி வையுங்கள்.