நாலாவது பாட்டிலில் ஆடிப்போன பிடி

முதல் வாளை வாங்கியபோது நான் பார்த்ததெல்லாம் அலகை மட்டும்தான். நீரலை போலக் கோடு ஓடும் மடிப்பு எஃகு, கையைக் காக்க அலகுக்கும் பிடிக்கும் நடுவே செதுக்கு வேலை செய்த பித்தளைக் காப்பு, கருத்த மரப் பிடி, நுனியில் பட்டுக் குஞ்சம். பெட்டியைத் திறந்து வெகுநேரம் சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாக வைத்து வெட்டிப் பார்த்தேன். மூன்று பாட்டில் நன்றாகவே போனது. நாலாவதில் வாள் பட்டதும் கைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பிடிக்குள் அலகு ஆடியது. கொஞ்சம்தான், ஆனாலும் ஆடியது. அத்தோடு உறையில் போட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அடிக்குமிழைத் திருகிப் பிடியைக் கழற்றினேன். அலகின் எஃகு காப்பைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகவில்லை. அங்கிருந்து ஒரு மெல்லிய மரைக் கம்பி. இரண்டையும் பற்றவைத்து இணைத்திருந்தார்கள். நான் வீசிய வேகம் முழுவதையும் அந்தப் பற்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது. அது விட்டிருந்தால் எழுபது சென்டிமீட்டர் கூரான எஃகு அறைக்குள் பறந்திருக்கும். அன்று எதிரே யாரும் நிற்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

நான் பழகுவது தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் வாள். ஜியான் எனப்படும் நேரான, இருபுறமும் கூரான வாள். ஒற்றை வாய் (வெட்டும் விளிம்பு) கொண்ட வளைந்த வாளைத் தாவ் என்பார்கள். தாவுக்கு நூறு நாள், ஈட்டிக்கு ஆயிரம் நாள், ஜியானுக்குப் பத்தாயிரம் நாள் என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. சில வருடம் காற்றை மட்டும் வெட்டிய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இந்த அசைவுகளில் ஒரு உண்மையான பொருள் குறுக்கே வந்தால் வாள் அதை வெட்டுமா, தட்டிவிடுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வெட்டுப் பயிற்சி. வூஷூ எனும் சீனத் தற்காப்புக் கலைப் போட்டியில் படபடவென்று சத்தம் போடும் தகடு வாள் இதற்கு ஆகாது. சுவரில் மாட்டும் துருப்பிடிக்கா எஃகு வாள் அதைவிட ஆபத்து, வீச்சில் ஒடியக்கூடியது. வெட்டுவதற்கென்று கார்பன் எஃகில் அடித்து, துவைச்சல் வைத்து (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடுமையாக்கி), கூர் ஏற்றிய வாள்தான் வேண்டும்.

அப்படிப்பட்ட கைவேலை வாள்களில் பெரும்பகுதி செஜியாங் மாகாணத்து லோங்சுவானிலிருந்து வருகிறது. அந்த ஊரின் வாள் வேலையைச் சீன அரசு 2006-இல் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது. சீன வரலாற்றில் 'இளவேனில் இலையுதிர் காலம்' எனப்படும் பண்டைய காலகட்டத்தில் ஓ யேசி என்ற கொல்லர் அங்கே வாள் வடித்தார் என்பது பழங்கதை. விற்பவர்களில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஓ யேசி எனக்கு வாள் அனுப்பப் போவதில்லை. ஆகவே இரண்டாவது வாளுக்கு நான் பட்டறைகளுக்குக் கேள்விகளை மட்டும் அனுப்பினேன்.

முதல் கேள்வி எஃகு. 'ஆயிரக்கணக்கான மடிப்பு' என்ற விளம்பரத்தில் முன்பு நானும் மயங்கியவன்தான். கணக்கு சுலபம். ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரட்டிப்பதால் பத்து முறை மடித்தாலே ஆயிரத்து இருபத்து நாலு அடுக்கு வந்துவிடும். பழைய காலத்தில் சீரில்லாத எஃகைச் சீராக்குவதற்காக மடித்தார்கள். இன்றைய ஆலை எஃகு ஏற்கெனவே சீரானது, அதில் மடிப்பு அழகுக்குத்தான். அடுக்குகள் சரியாக ஒட்டவில்லையென்றால் பலவீனம்கூட. அதனால் மடிப்பில்லாத ஒரே எஃகு கேட்டேன்.

எந்த எஃகு என்பதில் இரண்டு வாரம் குழம்பினேன். ஒருபுறம் டி10, சுமார் ஒரு சதவீதம் கார்பன் உள்ள கருவி எஃகு. இதில் மண் பூசித் துவைச்சல் வைப்பார்கள். மண் தடிப்பாக இருக்கும் இடம் மெதுவாகக் குளிர்ந்து மெத்தென்று நிற்கும், வாய் மட்டும் கடுமையாகும். கூர் நன்றாக நிற்கும், எல்லையில் அழகான வெண்கோடும் தெரியும். ஆனால் தப்பான கோணத்தில் வெட்டினால் அலகு வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். மறுபுறம் 65எம்என், மாங்கனீசு சேர்ந்த ஸ்பிரிங் எஃகு. முழு அலகும் ஒரே பதத்தில் இருக்கும், கோடு கிடு எதுவும் கிடையாது, வளைந்தால் திரும்பிவிடும். ஆரம்ப நிலைக்காரன் எத்தனை வெட்டைக் கோணலாக வெட்டுவான் என்று யோசித்தேன். 65எம்என் என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பிடி மாட்டுவதற்கு முன் அலகின் வாலை, அதாவது பிடிக்குள் போகும் பகுதியை, படமெடுத்து அனுப்ப முடியுமா? ஒரு பட்டறை பதிலே போடவில்லை. இன்னொன்று 'எங்கள் தரத்தை நம்புங்கள்' என்றது. மூன்றாவது பட்டறை மறுநாளே படம் அனுப்பியது. அலகும் வாலும் ஒரே துண்டு. அலகு வாலாகக் குறுகும் தோள்பட்டையில் வெட்டு நேர்மூலையாக இல்லாமல் உள்வளைவாக இருந்தது. நேர்மூலையில்தான் விரிசல் பிறக்கும் என்பதால் அந்த ஒரு சின்ன வளைவு எனக்குப் பெரிய ஆறுதல். வால் பிடியின் முழு நீளமும் ஓடி, அடிக்குமிழையும் கடந்து வெளியே வர, அந்த நுனியைச் சூடாக்கித் தட்டி ஆணித்தலை போல விரித்துவிடுவார்கள். பழைய ஜியான்களின் முறை இது. கழற்ற முடியாது, ஆனால் தானாகவும் கழலாது. பிடியின் வெட்டுமுகம் வட்டமாக வேண்டாம், முட்டை வடிவில் வேண்டும் என்றும் கேட்டேன். வட்டப் பிடியில் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது.

கூரான வாளை வரவழைக்கவும் வைத்திருக்கவும் இடத்துக்கு இடம் சட்டம் மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே அதைப் படித்துவிட்டேன்.

வாள் வந்ததும் இந்த முறை அழகு பார்க்கவில்லை. அலகில் பூசியிருந்த பிசுக்கைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, குமிழைக் கண்ணருகே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீளவாக்கில் பார்த்தேன். முனைக்கு ஒரு சாண் முன்னால் மயிரிழை அளவு இடப்பக்கம் சாய்வு. கைவேலையில் இந்த அளவுக்குக் குறை சொல்ல மாட்டேன், சிலர் சொல்வார்கள். காலிப்பரில் தடிமன் காப்பருகே 7 மில்லிமீட்டர், நடுவில் 5, முனைக்குச் சற்று முன் 3.4. படிப்படியான இந்த மெலிவுதான் ஜியானின் உயிர். முழுக்க ஒரே தடிமனாக இருந்தால் முனை கனத்து, மணிக்கட்டை இழுக்கும். முழுக்க மெலிந்திருந்தால் தட்டையில் துவளும். மொத்த எடை 880 கிராம். விரலில் வைத்துச் சமன் பார்த்ததில் காப்பிலிருந்து 14 சென்டிமீட்டரில் நின்றது.

அப்புறம் பிடியைத் தளர்வாகப் பிடித்து, குமிழை உள்ளங்கையால் தட்டினேன். அலகு அதிரும்போது ஒரே ஒரு இடம் மட்டும் அசையாமல் நிற்கும். என் வாளில் அது காப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் சுமாரில் இருந்தது. அந்த இடத்துக்கு அக்கம்பக்கம் வெட்டினால் கைக்கு அதிர்ச்சி வராது. இந்தத் தட்டலில் காதையும் கொடுக்க வேண்டும். முதல் வாளில் இதைச் செய்திருந்தால் உள்ளே கலகலத்தது அன்றே கேட்டிருக்கும். இதில் ஒரே நீண்ட ஒலி, அவ்வளவுதான். முனையை ஒரு மரக்கட்டையில் ஊன்றி மெல்ல ஐந்தாறு சென்டிமீட்டர் வளைத்துவிட்டேன். நேராகத் திரும்பியது. மண் பூசித் துவைச்சல் வைத்த வாளில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

பாட்டில்கள் சுலபமாகவே வெட்டுப்பட்டன. சோதனை பாயில்தான் வந்தது. ஜப்பானிய வாள்காரர்கள் வெட்டும் தத்தாமி (ஜப்பானியத் தரைவிரிப்பு) மேல்பாயைச் சுருட்டிக் கட்டி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, வடியவிட்டு நிறுத்தினேன். முதல் வெட்டில் வாள் பாதியில் சிக்கியது. இரண்டாவதில் பாய் முழுதாகத் தாங்கியிலிருந்து பறந்து போய் விழுந்தது. மூன்றாவது வெட்டியது, ஆனால் வெட்டிய முகம் கரண்டியால் தோண்டியதுபோல் குழிந்திருந்தது. கூர் போதவில்லை என்று ஆசிரியரிடம் முறையிட்டேன். அவர் வாளை வாங்கி, அவசரமே இல்லாமல் ஒரு சாய்வு வெட்டு வெட்டினார். துண்டு வழுக்கி விழுந்தது. முகம் பலகை மாதிரி இருந்தது.

"வாளுக்கு ஒன்றுமில்லை. படும் நேரத்தில் உன் மணிக்கட்டு திரும்புகிறது" என்றார்.

சரி, மணிக்கட்டுக்கு இரண்டு மாதம் போனது. ஆனால் என் முறையீட்டிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவரே வெட்டும்போதும் சுருளின் நடுவில் ஒரு தயக்கம் தெரிந்தது. லென்ஸில் பார்த்தால், வாயின் ஓரத்தில் சாணைக்காரர் போட்ட இரண்டாவது சாய்வு செங்குத்தாக, தனி விளிம்பாக நின்றது. காகிதம் வெட்ட அது போதும். ஈரப் பாய்க்குள் நுழையும்போது அந்த விளிம்பு தோள் கொடுத்துத் தடுக்கும். தண்ணீர்க் கல்லில் வைத்து அந்த விளிம்பு அலகோடு சேர்ந்து மெல்லிய உப்பலாகும்வரை தேய்த்தேன். காப்பருகே மூன்றில் ஒரு பங்கைத் தொடவே இல்லை. எதிர் வாளைத் தடுக்கும் பகுதி அது, அங்கே மழுங்கலாக இருப்பதுதான் ஜியானுக்கு முறை. நாலு மாலை வேலை. பிறகு அதே பாய், அதே கை, தயக்கம் போய்விட்டது.

இதுவரை ஐம்பது அறுபது சுருள் போயிருக்கும். பிடி இம்மியும் ஆடவில்லை. ஒருமுறை தாழ வெட்டி, தாங்கியின் மர முளையில் பட்டு, ஒரு பக்கத்து வாய் அரை விரல்கடை நீளத்துக்கு மடங்கியது. முழுக்கத் தேய்த்து எடுக்க மனம் வரவில்லை. ஜியானுக்கு இன்னொரு வாய் இருக்கிறதே. மடங்கிய பக்கம் தெரிய பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன் நூல் என் பக்கம் பார்க்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.